வீட்டு யூனிக்ஸ் கணினியில் டயல்-இன் சர்வர்: அழைப்பை எடுப்பது எளிது, முடிப்பதுதான் வேலை

தொலைபேசி வழியாக வருகிற ஒருவரை உள்ளே விடுவது யூனிக்ஸுக்குப் பின்னாளில் ஒட்டவைத்த வசதி அல்ல. அது வளர்ந்த 1970களில் பயனர் ஒரு முனையத்தின் முன் உட்கார்ந்திருப்பார், கணினி வேறொரு அறையில் இருக்கும், இடையில் ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பி பக்கத்து அறையிலிருந்து வருகிறதா, தொலைபேசி இணைப்பகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறதா என்று இயங்குதளம் கவலைப்பட்டதே இல்லை. இரண்டுமே அதற்கு டிடிஒய் என்ற ஒரே வகைச் சாதனம்தான். 70களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய யுயுசிபி வந்ததும் யூனிக்ஸ் கணினிகள் தாமாகவே ஒன்றையொன்று அழைத்து அஞ்சலும் கோப்புகளும் மாற்றிக்கொண்டன. 1989-ல் பாஸ்டன் அருகே தொடங்கிய தி வேர்ல்டு போன்ற முன்னோடி நிறுவனங்கள் யூனிக்ஸ் கணினிகளின் பின்னால், தரவை ஒலியாக்கித் தொலைபேசியில் அனுப்பும் மோடம்களை வரிசையாகச் செருகித்தான் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தன.

அதே வேலையை வீட்டிலிருக்கும், யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு லினக்ஸ் அல்லது ஃப்ரீபிஎஸ்டி கணினி இன்றும் செய்யும். எப்போதும் இயங்கும் ஓர் இணைய இணைப்பு, ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு மோடம், இவை இருந்தால் போதும். வெளியிலிருந்து இன்னொரு மோடம் அழைத்து அந்த இணையத்தைப் பயன்படுத்தலாம். பழைய கணினிகளைப் பேணுகிறவர்கள் இதை ஆசையோடு செய்கிறார்கள். வேறு வழியில் எட்ட முடியாத கருவிகளுக்கு அவசர வாசலாகவும் சிலர் வைத்திருக்கிறார்கள்.

இதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் அழைப்பை எடுப்பதிலேயே நின்றுவிடுகின்றன. மோடம் கூவியது, கடவுச்சொல் கேட்டது, பக்கம் திறந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஓர் அழைப்பு இணைப்பகம், மோடம், சீரியல் போர்ட் (மோடத்தைக் கணினியில் செருகும் இடம்), கெட்டி (அழைப்புக்குக் காத்திருக்கும் நிரல்), பிபிபி (அந்தக் கம்பியில் இணையப் பொட்டலங்களைக் கொண்டுபோகும் நெறிமுறை), கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்று பல கை மாறித்தான் உள்ளே வருகிறது. இணைப்பு அறுந்த செய்தியும் அத்தனை கைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு கைக்குச் சேராவிட்டாலும் அடுத்த முறை அழைப்பவருக்கு எண் வேறு அழைப்பில் இருக்கிறது என்ற ஒலிதான் கேட்கும். அமைப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கம்பி விதிக்கும் எல்லை

வேகத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடலாம். இங்கே ஒரு சுவர் இருக்கிறது, எந்த மென்பொருளும் அதைத் தாண்டாது. தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்காகக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். வீட்டிலிருந்து வரும் அலையை இணைப்பகம் விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்குகிறது. அப்படி எண்ணாக்கும்போது ஒவ்வோர் அளவும் அருகிலுள்ள எண்ணுக்குத் தள்ளப்படுகிறது. அதில் சிறு பிழை சேருகிறது, அதுவே இரைச்சலாகிறது. இந்த இரைச்சலை மீறி அனுப்பக்கூடியது விநாடிக்குச் சுமார் 35,000 பிட்தான். 1994-ல் வந்த வி.34 என்ற மோடம் தரம் 28,800-ஐ எட்டியது. பிறகு 33,600 வரை நீட்டப்பட்டது. அதற்கு மேல் இடமில்லை.

அப்படியானால் 56கே என்று பெட்டியில் அச்சிட்ட மோடம்கள்? 1998-ல் வந்த வி.90 ஒரு கெட்டிக்காரத்தனமான வழியைக் கண்டது. இணையச் சேவை நிறுவனம் தன் பக்கத்தில் சாதாரணத் தொலைபேசிக் கம்பியை வைத்திருப்பதில்லை. இணைப்பகத்தோடு நேரடி டிஜிட்டல் இணைப்பு வைத்திருக்கும். அதன் பக்கத்தில் அலையை எண்ணாக்கும் கட்டமே கிடையாது. எனவே நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் திசையில் அந்த இரைச்சல் இல்லை, 56,000 வரை போகலாம். எதிர்த்திசையில் பழைய 33,600-தான்.

வீட்டு சர்வருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. உங்கள் மோடமும் சாதாரணக் கம்பியில் இருப்பதால் அது அனுப்புவதும் இணைப்பகத்தில் எண்ணாக்கப்படுகிறது. இரு பக்கமும் 56கே மோடம் வைத்தாலும் இரு திசையிலும் 33,600-தான் உச்சம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் மோடம் அமைப்புகளை நாள் கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்று இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சுவரில் பழைய தொலைபேசிக் குழி அப்படியே இருந்தாலும் பின்னால் பல இடங்களில் குரல் இணையப் பொட்டலங்களாகத்தான் போகிறது. ஜி.729 போன்ற குறியாக்கம் பேச்சுக்காகவே செதுக்கப்பட்டது. மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும். சுருக்காமல் அனுப்பும் ஜி.711 வேண்டும். அப்போதும் பொட்டலங்கள் முன்பின்னாக வருவதைச் சமாளிக்க, அவற்றை மறுபடி தொலைபேசி ஒலியாக்கும் அடாப்டர் இடையிடையே சில மில்லி விநாடி ஒலியைச் சேர்க்கும் அல்லது விடும். காது அதைக் கவனிக்காது, வி.34 உடனே தடுமாறும். இப்படிப்பட்ட இணைப்பில் 33,600-ஐத் துரத்தாமல் 14,400 அல்லது 9,600-க்கு மோடத்தைக் கட்டிப்போடுவதே மேல். மோடத்துக்குக் கணினி தரும் கட்டளைகள் ஏடி என்று தொடங்கும்; பல மோடம்களில் ஏடி+எம்எஸ் கட்டளை அதற்குத்தான். மெதுவாக வந்தாலும் அறுந்து போகாத இணைப்பே பயன்படும்.

மோடமும் சீரியல் போர்ட்டும்

கணினிக்குள் செருகும் மலிவு மோடம்களில் பல தம் வேலையில் பாதியைக் கணினியின் செயலிக்கும் ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தின் டிரைவருக்கும் தள்ளிவிடும். சர்வருக்கு அவை ஆகாது. வெளியே வைக்கும், சீரியல் போர்ட்டோடு ஆர்எஸ்-232 கம்பியால் இணையும் மோடமே சரி. முகப்பில் விளக்குகள் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. எது எப்போது அணைகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு வேகங்கள் இருப்பதை மனதில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மோடத்துக்கும் மோடத்துக்கும் நடுவே 33,600 அல்லது அதற்குக் கீழே. அது அழைப்புக்கு அழைப்பு மாறும். மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே எப்போதும் 115,200. அதை மாற்றவே கூடாது. காரணம், மோடம்கள் செய்யும் வி.42பிஸ் சுருக்கம் எழுத்துத் தரவை நான்கு மடங்கு வரை அடக்கும். கம்பியில் மெதுவாக வந்தது விரிந்து, கணினிப் பக்கம் பாய்ந்து வரும். வேகம் பொருந்தாத இந்த இடத்தில் ஒருவர் மற்றவரை ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல வழி வேண்டும். அதற்கு ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற இரு கம்பிகள் இருக்கின்றன. தரவுக்குள்ளேயே நிறுத்து, தொடர் என்ற குறிகளை அனுப்பும் பழைய முறை இங்கே உதவாது. பிபிபி அனுப்பும் தரவிலேயே அந்தக் குறிகளுக்கான எண்கள் வரலாம்.

115,200 வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்களோடு 10 பிட். விநாடிக்கு 11,520 எழுத்துகள். ஓர் எழுத்தை மட்டுமே பிடித்து வைக்கக்கூடிய பழைய 16450 சில்லு சீரியல் போர்ட்டில் இருந்தால் சுமார் 87 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை செயலி ஓடி வர வேண்டும். 16550ஏ சில்லில் 16 எழுத்துக்கு இடமுண்டு. பழைய கணினியைப் பயன்படுத்துகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து வருகிற இரண்டு கம்பிகள்தான் என் பார்வையில் மிக முக்கியமானவை. டிசிடி என்பது மறுமுனை மோடத்தின் ஒலி இன்னும் கேட்கிறது என்று மோடம் கணினிக்குச் சொல்வது. டிடிஆர் என்பது நான் விழித்திருக்கிறேன் என்று கணினி மோடத்துக்குச் சொல்வது. ஏடி&சி1 கொடுத்தால் டிசிடி உண்மை நிலையைக் காட்டும்; ஏடி&சி0 என்றால் அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘இருக்கிறது’ என்றே காட்டும். ஏடி&டி2 கொடுத்தால் கணினி டிடிஆரை இறக்கியவுடன் மோடம் தொலைபேசியை வைத்துவிடும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மூன்று கம்பி மட்டுமே உள்ள கேபிளிலும் சில யுஎஸ்பி மாற்றிகளிலும் இந்த இரண்டுமே வெளியே வருவதில்லை. இணைப்பு அழகாக ஏற்படும், தரவு ஓடும். அறுந்தால் மட்டும் யாருக்கும் தெரியாது.

யார் தொலைபேசியை எடுப்பது?

ஹேய்ஸ் நிறுவனம் 1981-ல் ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த கட்டளைகளில் ஏடிஎஸ்0=1 என்று ஒன்று உண்டு. மணி ஒரு முறை அடித்ததும் மோடம் தானே எடுத்துவிடும். எளிமையானது. ஆனால் கணினி உறைந்து கிடந்தாலும் மோடம் எடுக்கும். அழைத்தவர் பதிலே வராத ஒரு மௌனத்தோடு பேசிக்கொண்டிருப்பார், அழைப்புக் கட்டணமும் ஓடும்.

கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி என்ற கெட்டி நிரல் இதை மாற்றியது. எஸ்0 மதிப்பை 0-வாக வைத்து, மோடத்திலிருந்து ‘ரிங்’ என்ற சொல் வரும்வரை அது காத்திருக்கும். வந்ததும் முடிவெடுப்பது மென்பொருள். எடுக்கலாம் என்றால் ஏடிஏ என்று அனுப்பும், மோடம் எடுக்கும். கணினி செத்திருந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அதுதான் நேர்மையான நடத்தை. காத்திருக்கும் நேரத்தில் அதே மோடத்தால் வெளியே அழைக்கவும் வேறு நிரலை அது அனுமதிக்கும். யார் பயன்படுத்துகிறார் என்பது பூட்டுக் கோப்பு ஒன்றில் எழுதப்படும். இந்த நிரலை இயக்கி வைக்கப் பழைய அமைப்புகளில் இனிட்டாப் கோப்பில் ஒரு வரி, பிஎஸ்டியில் டிடிஒய்எஸ் கோப்பில் ஒரு வரி, இன்று சிஸ்டம்டியில் ஒரு சிறு சேவைக் கோப்பு. எதுவானாலும் சாரம் ஒன்றே: எம்கெட்டி முடிந்தால் உடனே மறுபடி எழுப்பு.

எடுத்த பிறகு வந்தவர் யார்? விசைப்பலகையோடு இருக்கும் மனிதரா, இணைய நெறிமுறை பேசும் கணினியா? எம்கெட்டி பயனர்பெயர் கேட்டுவிட்டுக் கவனிக்கும். வந்தது கணினி என்றால் திரையில் ~ என்று தொடங்கி }# என்றும் }! என்றும் குப்பை போல ஒரு வரி விழும். அது குப்பை இல்லை. ~ என்பது எண் 126; பிபிபி அனுப்பும் ஒவ்வொரு தரவுத் துண்டின், அதாவது சட்டகத்தின், எல்லைக்கோடு. } என்பது 125; ‘அடுத்த எழுத்தை மாற்றிப் படி’ என்ற அடையாளம். 32-க்குக் கீழான எண்கள் வழியில் எந்தக் கருவியையும் குழப்பக்கூடாது என்பதற்காக அவற்றோடு 32-ஐக் கூட்டி அனுப்புவார்கள். 3 என்பது 35 ஆகி # என்று தெரியும். 1 என்பது 33 ஆகி ! என்று தெரியும். அந்த 1-க்குப் பொருள் ‘இணைப்பின் விதிகளைப் பேசுவோம்’ என்ற கோரிக்கை. இந்த வரியைக் கண்டதும் எம்கெட்டி வழக்கமான லாகின் நிரலை விட்டுவிட்டு பிபிபிடி என்ற சேவையிடம் கம்பியை ஒப்படைக்கிறது. லாகின் உள்ளமைவுக் கோப்பில் ஆட்டோபிபிபி வரியை இயக்கியிருந்தால் போதும். மனிதர்களுக்குக் கட்டளை தட்டும் ஷெல் தேவையில்லை என்றால் அந்த வழியை முழுவதும் மூடிவிடுங்கள்.

பிபிபி பேசும் மூன்று பேச்சுகள்

முன்பு ஸ்லிப் என்று ஒன்று இருந்தது. பொட்டலத்தின் முடிவில் ஒரு குறி வைப்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. யார் அழைக்கிறார், அவருக்கு எந்த முகவரி என்பதெல்லாம் மனிதர்கள் முன்பே பேசி எழுதி வைக்க வேண்டியவை. இன்று நிலைபெற்றிருக்கும் பிபிபி, 1994-ல் ஆர்எஃப்சி 1661 என்ற இணையத் தர ஆவணமாக வரையறுக்கப்பட்டது. அது மூன்று கட்டமாகப் பேசும். எல்சிபி கட்டத்தில் சட்டகத்தின் அளவு, எந்த எழுத்துகளை மாற்றி அனுப்புவது போன்றவை முடிவாகும். அடுத்தது அடையாளம். கடைசியில் ஐபிசிபி கட்டத்தில் அழைத்தவருக்கு ஐபி முகவரி.

அடையாளம் காண இரண்டு வழிகள். பாப் முறையில் கடவுச்சொல் அப்படியே கம்பியில் வரும். சாப் முறையில் சர்வர் ஒரு சீரற்ற எண்ணை அனுப்பும். அழைத்தவர் அதையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எம்டி5 என்ற கணக்கீட்டு முறையால் கணக்கிட்ட விடையை மட்டும் அனுப்புவார். சாப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். ஆனால் சாப் வேலை செய்ய, சர்வரில் கடவுச்சொல் மறைக்கப்படாத வடிவில் கோப்பில் இருந்தாக வேண்டும். பாப் என்றால் கணினியின் வழக்கமான, மறைகுறியாக்கிய கடவுச்சொற்களையே பயன்படுத்தலாம். கம்பியை ஒட்டுக்கேட்பவரா, கோப்பைத் திருடுபவரா, யாருக்கு அதிகம் அஞ்ச வேண்டும்? வீட்டு சர்வருக்கு நான் சாப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லோடு. அந்தக் கோப்பைக் கணினியின் தலைமைப் பயனரான ரூட் மட்டுமே படிக்கும்படி வைப்பேன்.

தொலைபேசி எண் என்பது உலகத்துக்கே திறந்த கதவு. எண்களை வரிசையாக அழைத்து மோடம் எங்கே எடுக்கிறது என்று தேடும் நிரல்கள் 80களிலேயே இருந்தன. எம்கெட்டி அழைப்பவரின் எண்ணைப் படித்து, அனுமதிக்கப்பட்ட எண் என்றால் மட்டும் எடுக்கும். பல இடங்களில் அந்த எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவேதான் வருகிறது, ஆகவே இரண்டாவது மணியில் எடுக்கும்படி வையுங்கள். எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் இது கடவுச்சொல்லுக்கு மாற்று ஆகாது, கூடுதல் தாழ்ப்பாள்தான்.

முகவரி விஷயம் எளிது. வீட்டு வலையமைப்பிலேயே ஒரு வெற்று முகவரியை அழைப்பவருக்குக் கொடுத்து, பிபிபிடிக்கு பிராக்ஸிஆர்ப் விருப்பத்தை இயக்கினால், அந்த முகவரியைத் தேடுகிறவர்களுக்கு சர்வரே ‘நான்தான்’ என்று பதில் சொல்லிப் பொட்டலங்களை வாங்கி அனுப்பும். ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம். கர்னலில் ஐபி ஃபார்வர்டிங், அதாவது பிறருடைய பொட்டலங்களைக் கடத்திவிடும் வசதி, இயங்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் பெயர்த் தேடலுக்கு சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் நிரலை வைத்து அதன் முகவரியை எம்எஸ்-டிஎன்எஸ் விருப்பத்தில் கொடுத்துவிடுங்கள்.

இணைப்பு எப்படி இருக்கும்? 1,500 பைட் பொட்டலம் ஒன்று 33,600-ல் கடக்கச் சுமார் 0.36 விநாடி ஆகும். ஒரு பக்கம் கோப்பு இறங்கும்போது மறுபக்கம் தொலைவுக் கணினிக்குக் கட்டளை தரும் எஸ்எஸ்எச் சாளரத்தில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அத்தனை நேரம் காத்திருக்கும். பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியுவை 576 ஆகக் குறைத்தால் காத்திருப்பு 0.14 விநாடிக்கு இறங்கும், கை உடனே வித்தியாசத்தை உணரும். இன்றைய வலைப்பக்கங்கள் முன்பே சுருக்கப்பட்டு மறைகுறியாக்கப்பட்டு வருவதால் மோடத்தின் வி.42பிஸ் அவற்றில் ஒன்றும் சேமிக்க முடியாது. ஒரு மெகாபைட்டுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல், எஸ்எஸ்எச், எழுத்து மட்டுமுள்ள பக்கங்கள், இவற்றுக்கு இது தாராளமான இணைப்பு.

முடிந்ததை எல்லோருக்கும் சொல்வது

அழைத்தவர் முறையாகத் துண்டித்தால் பிபிபி தானே விடைபெறும். அதில் சோதிக்க ஒன்றுமில்லை. அவருடைய கணினிக்கு மின்சாரம் போய்விட்டால்? மறுமுனை ஒலி நின்றதை உங்கள் மோடம் உணரும். மோடத்தின் எஸ்10 பதிவேட்டில் உள்ள நேரம் வரை பொறுத்திருக்கும், அதன் அலகு பத்தில் ஒரு விநாடி. பிறகு டிசிடி இறங்கும். கர்னலின் டிடிஒய் பகுதி அதைப் பார்த்து, அந்தக் கம்பியை வைத்திருக்கும் நிரலுக்கு சிக்ஹப் என்ற சமிக்ஞையை அனுப்பும். பெயரிலேயே தொலைபேசியை வைத்துவிட்டார் என்ற பொருள் இருக்கிறது. பிபிபிடி முடியும், வழித்தடமும் பிராக்ஸிஆர்ப் பதிவும் நீங்கும், எம்கெட்டி மறுபடி எழும், டிடிஆரை ஒரு முறை இறக்கி ஏற்றி மோடத்தைத் தயாராக்கும்.

இந்தச் சங்கிலியை அறுப்பது சிலோக்கல் என்ற ஒரு டிடிஒய் கொடி. அது இயங்கினால் கர்னல் டிசிடியைப் பார்க்கவே பார்க்காது. பிபிபிடிக்கு ‘லோக்கல்’ விருப்பம் கொடுத்தால் இந்தக் கொடி இயங்கிவிடும். ‘மோடம்’ விருப்பமே வேண்டும். இரண்டாவது காவலாக எல்சிபி எதிரொலியை வையுங்கள்: 30 விநாடிக்கு ஒரு முறை மறுமுனையைக் கூப்பிட்டு, தொடர்ந்து நான்கு முறை பதில் இல்லை என்றால் முடித்துவிடச் சொல்லலாம். டிசிடி பொய் சொல்லும் கேபிளில்கூட இரண்டு, இரண்டரை நிமிடத்தில் தொலைபேசி விடுதலையாகும். மோடம்கள் இணைப்பில் இருக்க, அழைத்தவரின் கணினி மட்டும் உறைந்துபோகும் நேரத்திலும் காப்பாற்றுவது இதுதான். அங்கே டிசிடிக்கு ஒன்றும் தெரியாது.

அமைத்து முடித்ததும் இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். இணைப்பு ஓடும்போது அழைக்கும் பக்கத்தின் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்குங்கள். டிசிடி விளக்கு அணைய வேண்டும், பதிவில் மோடம் துண்டித்தது என்ற வரி வர வேண்டும், அரை நிமிடத்துக்குள் அடுத்த அழைப்பு எடுக்கப்பட வேண்டும். பிறகு கம்பியைத் தொடாமல் அழைக்கும் பக்கத்து பிபிபி நிரலை மட்டும் நிறுத்தி வைத்து, எதிரொலி காவல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கடைசியாக சர்வரை அணைத்து, மோடத்தை மட்டும் இயங்க விட்டு, வெளியிலிருந்து அழையுங்கள். மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோடம் எடுத்துவிட்டால் அதன் நினைவில் எஸ்0 இன்னும் 1-ல் இருக்கிறது; ஏடிஎஸ்0=0 கொடுத்து, ஏடி&டபிள்யூ மூலம் அதை மோடத்துக்குள்ளேயே பதிந்துவிடுங்கள்.